பிடியின் நீளத்தைத் தீர்மானிப்பது யார்?

(விவசாய யந்திர வடிவமைப்பில் ஈடுபட்டுள்ள இளம் இஞ்சினியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். நீங்களோ விவசாய ரோபோக்களுக்குக் கையும் காலும் வடிவமைக்கும் மெக்கானிகல் இஞ்சினியர்கள். இரும்பைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல நான் வரவில்லை. இரும்போடு உழைக்கும் மனிதனைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில், கலிபோர்னியா வயல்களில் ஒரு களைக்கொட்டு இருந்தது. அதன் பிடி இரண்டடிகூட இராது. நாள் முழுவதும் இடுப்பை வளைத்தே வேலை செய்ய வேண்டும். தொழிலாளர்களின் முதுகெலும்பு பாழாயிற்று. "நீண்ட பிடி போட்டால் வேலை சுத்தமாக இராது" என்று பண்ணை முதலாளிகள் வாதாடினார்கள். தொழிலாளர்கள் போராடினார்கள், டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் அந்தக் கருவி தடை செய்யப்பட்டது. நீண்ட பிடி வந்தது. விவசாயம் நின்றா போயிற்று?

அதே மாநிலத்தில் டேவிஸ் சர்வகலாசாலையில் கோபி லோரன்சன் என்ற இஞ்சினியர் தக்காளி அறுவடை யந்திரத்தை வடிவமைத்தார். அதன் குலுக்கலைத் தாங்கும் கெட்டியான தக்காளி ரகத்தை ஜாக் ஹன்னா உருவாக்கினார். செடியை அடியில் அறுத்து, மேலே ஏற்றி, குலுக்கிப் பழத்தை உதிர்க்கும் யந்திரம் அது. அரிய சாதனைதான். குனிந்து பறிக்கும் கஷ்டமும் ஒழிந்தது.

ஆனால் பலன் யாருக்குப் போயிற்று? 1960-களின் தொடக்கத்தில் சுமார் 4,000 பேர் தக்காளி பயிரிட்டார்கள். 1973-ல் சுமார் 600 பேரே மிஞ்சினார்கள். யந்திரம் வாங்க வசதியில்லாத சிறு விவசாயி ஒதுக்கப்பட்டான். பழம் பறித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி யாருக்கு என்று கேட்டு, 1979-ல் சர்வகலாசாலை மீது வழக்கே தொடுத்தார்கள்.

யந்திரத்தை உடையுங்கள் என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை! முதுகு ஒடியும் வேலையை யந்திரம் ஏற்கட்டும்.

பழம் நசுங்காமல் பறிக்கும் விரலை வடிவமைக்கிறீர்கள். சேறும் தூசியும் பேரிங்கில் புகாதபடி சீல் வைக்கிறீர்கள். மண் இறுகாதிருக்க எடையைக் குறைக்கிறீர்கள். நல்லது. கூடவே இன்னும் மூன்று கேள்விகளை வரைபடத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். சிறு விவசாயிகள் கூட்டாகச் சேர்ந்தாவது இதை வாங்க முடியுமா? உள்ளூர்ப் பட்டறையில் கழற்றிப் பழுது பார்க்க முடியுமா? பக்கத்தில் நிற்பவரின் கை சிக்கினால் உடனே நிற்குமா?

நான்காவது கேள்வியும் உண்டு: வேலை இழப்பவருக்கு என்ன வழி? இதற்கு வரைபடத்தில் விடை கிடையாது. களைக்கொட்டின் பிடியை நீளமாக்கியது தொழிலாளர்களின் ஒன்றுபட்ட போராட்டம். இங்கும் அதுதான் வழி. அந்தப் போராட்டத்தில் நீங்களும் எங்களோடு நில்லுங்கள்!