மூன்று இட்லிக்கு ஒரு ஊசி



எங்கள் வீட்டில் என் மகளின் நோயை முதலில் கண்டுபிடித்தது எறும்புதான். அவளுக்கு அப்போது ஆறு வயது. எப்போதோ விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று நான் இருந்துவிட்டேன். அவள் சிறுநீர் போன பாத்ரூம் தரையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்த என் மாமியார்தான், "புள்ளைய உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றார். அங்கே குளுக்கோமீட்டரில் எண்ணே வரவில்லை. 'ஹை' என்றுதான் காட்டியது.

டைப் 1 சர்க்கரை. மிட்டாய் தின்று வந்ததல்ல இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. அந்த இன்சுலின் இல்லாவிட்டால் தின்ற சோறு உடம்பில் சேராது. 1922 ஜனவரியில், டொரொண்டோவில், லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போனார்கள். தினமும் ஊசியைக் கையில் எடுக்கும்போது முகம் தெரியாத அந்தப் பையனை நினைத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு நாலு ஊசி. அதுகூடப் பழகிவிட்டது. மூன்று இட்லிக்குக் கணக்குப் போட்டு ஊசி போட்டபிறகு, இரண்டோடு "போதும்மா" என்று எழுந்துவிடுவாள் பாருங்கள்! அந்த ஒற்றை இட்லிக்காக நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை.

"பொம்பளப் புள்ள, வெளிய சொல்லாத, நாளைக்கு வரன் வரணும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒரு வருடம் பள்ளியில்கூடச் சொல்லாமல் மறைத்தேன். அது நான் செய்த பெரும் தவறு. ஒருநாள் டெஸ்ட் எழுதும்போது சர்க்கரை இறங்கிவிட்டது. தூங்குகிறாள் என்று டீச்சர் எழுப்பி நிற்கவைத்தார். அவருக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கோட்டிலிருந்து விலகிச் சரிந்து கிடக்கும்.

மறுநாளே வகுப்புக்குப் போய் எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆசிரியர்களே, இந்த நோய் உள்ள பிள்ளைக்கு வியர்த்துக் கை நடுங்கினால் உடனே குளுக்கோஸ் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

இப்போது என் மகளின் பக்கத்து இருக்கைப் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸில் எப்போதும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. காலாண்டு விடுமுறை விட்ட அன்று வீட்டுக்கு வந்து அதை என் கையில் கொடுத்தாள்: "லீவு முடியுற வரைக்கும் நீங்க வச்சிருங்க ஆன்ட்டி."