வழி சொல்லும் சிறு வரிகள்



எங்கள் ஊர் திற்பரப்பு. கோதையாறு ஏறத்தாழ ஐம்பதடி உயரத்தினின்று பாறையில் விழும் இடம் என்றால் குமரி மாவட்டத்தில் அறியாதார் இலர். அருவிக்கரையில் மகாதேவர் கோயில் உள்ளது. மகா சிவராத்திரியையொட்டி நடைபெறும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு கோயில்களுள் அது மூன்றாவது. முன்சிறைத் திருமலையில் புறப்படும் அடியார்கள் திக்குறிச்சியை வணங்கித் திற்பரப்புக்கு வருவார்கள். இங்கிருந்து திருநந்திக்கரைக்கு ஓடுவார்கள். முடிவில் திருநட்டாலம் சேர்வார்கள். புதிதாக ஓட வந்தவர் ஒருவர் வழி கேட்டால், பாதையோரம் நிற்கும் எங்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. நாங்கள் தவறாகக் கைகாட்டினால் கால் கடுப்பது எங்களுக்கன்று, அவருக்கே.

அவ்வாறு தவறாகக் கைகாட்டிய ஒருவன்தான் உங்களிடம் இப்போது பேசுகிறேன். நான் காட்டிய தவறான வழி கோயிலுக்கன்று; ஓர் ஆய்விதழின் பக்கத்துக்கு.

தாவரவியல் ஆசிரியனாக இருந்த நாளில், அருவிப் பாறைகளில் படரும் பாசிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுதினேன். அதன் இறுதியில், நான் துணைகொண்ட கட்டுரைகளின் பட்டியலைச் சேர்த்தேன். அவற்றுள் ஒன்றை நான் கண்ணாற் கண்டதில்லை. வேறொருவர் தம் பட்டியலில் கொடுத்திருந்ததைப் பார்த்து, அப்படியே எடுத்தெழுதிவிட்டேன். ஆண்டுகள் சில சென்றன. எங்கள் ஊர் ஆய்வு மாணவி ஒருத்தி விடியற்காலையில் பேருந்தேறித் திருவனந்தபுரம் சென்று, நூலகம் ஒன்றில் அத்தொகுதியைத் தேடி எடுத்தாள். நான் குறித்த பக்கத்தில் மீன்களைப் பற்றிய கட்டுரை இருந்ததாம்! மாலையில் என் வீட்டுத் திண்ணையருகே வந்து நின்று, "சார், நான்தான் தொகுதியை மாற்றி எடுத்துவிட்டேனோ?" என்று கேட்டாள். அவள் தன்னை ஐயுற்றாளேயன்றி என்னை ஐயுறவில்லை. அதுவே என்னைச் சுட்டது.

மேற்கோள் குறிப்பு என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். "இராமன், கிருஷ்ணன், நேச்சர், தொகுதி 121, பக்கம் 501, 1928." இவ்வளவே. ஒளிச்சிதறலில் புதியதொரு கதிர்வீச்சைக் கண்டதாக அவ்விருவரும் உலகுக்கு அறிவித்த கட்டுரையின் முகவரி இது. இந்த ஒற்றை வரியைக் கொண்டு எந்நாட்டு நூலகத்திலும் எவரும் அக்கட்டுரையைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். 121 என்பது 112 என மாறிவிட்டால், எடுக்க இயலாது. இவ்வரி வழி காட்டுவதோடு நில்லாமல் நீதியும் செய்கிறது. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. ஆயினும் அக்கட்டுரையை முறையாகக் குறிக்கும் எவரும் கிருஷ்ணனின் பெயரை விட்டுவிட முடியாது.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. மலையாளக் கரையின் தாவரங்களைப் பற்றி வான் ரீடு என்னும் டச்சு ஆளுநர் தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' பன்னிரண்டு தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் முதற்பக்கத்தில் இருப்பது நம் தென்னை. 1753ஆம் ஆண்டில் தாவரங்களுக்கு இருசொற்பெயர் சூட்டிய லின்னேயசு, தென்னையைக் குறித்தபோது ரீடின் பெயரையும், தொகுதியையும், பக்கத்தையும், படங்களின் எண்களையும் சுருக்கமாக எழுதிவைத்தார். அதனால் இன்றும் நாம் அந்நூலைத் திறந்து, அவர் கண்ட படத்தையே காணலாம். அந்நூலுக்குச் செய்தி வழங்கிய இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரின் சான்றுரையை ரீடு முதற்றொகுதியிலேயே அச்சிட்டார். அதனாலன்றோ அவ்வைத்தியரின் பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது!

இனி, எழுதும் முறைக்கு வருவோம். பெருவழக்காக இரண்டு முறைகள் உண்டு. கட்டுரையின் இடையிலேயே ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குள் தருவது ஒன்று. விலங்கியல் அறிஞர் எட்வர்டு மார்க் 1881இல் இவ்வாறு எழுதினார். அவர் பணியாற்றிய ஹார்வர்டின் பெயரே இம்முறைக்கு வழங்கலாயிற்று. இதில் இறுதிப் பட்டியல் அகரவரிசையில் அமையும். மற்றொன்று எண்முறை. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978இல் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்தமையால் அந்நகரின் பெயரைப் பெற்றது. இது எங்கள் சிவாலய ஓட்டம் போன்றது. முதலில் வருவது ஒன்று, அடுத்து வருவது இரண்டு; அவ்வரிசையிலேயே பட்டியலும் அமையும். இடையே புதிதாக ஒன்றைச் சேர்த்தால் பின்வரும் எண்கள் அனைத்தும் மாறும். எம்முறை உயர்ந்தது என்று வாதிட வேண்டுவதில்லை. இதழ் எதனைக் கேட்கிறதோ அதனை முதல் வரி முதல் கடைசி வரி வரை பிறழாமல் கைக்கொண்டாற் போதும்.

நம்மவர்க்கு மட்டும் உரிய இடர் ஒன்றும் உண்டு. மேனாட்டு இதழ்கள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயர் எனக் கொள்ளும். நமக்கோ குடும்பப்பெயர் வழக்கம் பெரிதும் இல்லை. தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னே இடுகிறோம். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் தந்தை பெயர் முன்னும் தம் பெயர் பின்னும் நின்றன. ஆகவே உலகம் அவரைச் சந்திரசேகர் என்றே குறித்தது. இன்று பலர் தம் பெயருக்குப் பின்னே தந்தையார் பெயரை எழுதுகின்றனர். அப்போது மகளின் உழைப்பு முழுவதும் தந்தையின் பெயரால் வழங்கத் தொடங்கிவிடுகிறது. முதற்கட்டுரை எழுதும் நாளிலேயே பெயரின் வடிவத்தை உறுதிசெய்துகொண்டு, என்றும் அதனையே எழுதுக. 2012 முதல் ஆய்வாளர்க்கு வழங்கப்படும் ஆர்க்கிட் என்னும் பதினாறு இலக்க அடையாள எண்ணையும் பெற்றுக்கொள்க.

"இவற்றையெல்லாம் கணிப்பொறியே செய்துவிடுமே" என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். காற்புள்ளியையும் சாய்வெழுத்தையும் அது நொடியில் ஒழுங்குபடுத்தும். ஆனால் பிழையான எண்ணைக் கொடுத்தால், பிழையையும் அழகாகவே அடுக்கும். இந்நாளைய உரையாடும் இயந்திரங்களோ, எவரும் எழுதாத கட்டுரைக்கும் ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் கூறிவிடுகின்றன. படித்தேன் என்று சொல்லும் பொறுப்பு, படித்தவருக்கே உரியது.

அன்று அம்மாணவியும் நானும் சில நாள் தேடி, அக்கட்டுரையை வேறொரு தொகுதியில் கண்டோம். படித்தபோது எனக்குத் தலைகுனிவு மிகுந்தது. அது கூறுவதாக நான் எழுதியிருந்ததை, அது கூறவே இல்லை. இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த இதழொன்றில் நான்கு வரித் திருத்தம் வெளிவந்தது. என் எழுத்துகளுள் மிகச் சிறியது அதுவே. நான் மனநிறைவோடு கையெழுத்திட்டதும் அதுவே.

அம்மாணவி பின்னர்த் தன் கட்டுரையை எழுதி முடித்து என்னிடம் காட்டினாள். பட்டியலில் முப்பத்தொரு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு இட்டிருந்தாள். "இது என்ன அம்மா?" என்றேன். "நானே திறந்து பார்த்தவை, சார்" என்றாள்.

அந்தப் பென்சிற் கோடு அச்சில் ஏறுவதில்லை. ஆயினும் பின்னே வருவோருக்கு வழி தவறாமல் இருப்பது அதனால்தான்.