வேதாளம் ஏறிய மரம் எது?
‘அம்புலிமாமா’ சங்கரின் படமும் வகுப்பறையும்: அறக்கட்டளைச் சொற்பொழிவு

யார் நினைவாக இச்சொற்பொழிவு நடக்கிறதோ அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியராக வாழ்ந்தவர். பாராட்டுரை நீண்டால் கடிகாரத்தைப் பார்ப்பவர். ஆகவே நேரே பொருளுக்கு.

கேள்வி இந்த அரங்குக்குப் புதிதல்ல. பிள்ளைகளின் புத்தகத்தில் படம் சோறா, தொட்டுக்கொள்ளும் ஊறுகாயா? ஊறுகாய்தான் என்பது இத்துறை நண்பர்கள் பலரின் கட்சி. எழுத்துதான் பாடம், படம் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கும் வேலைக்கு வந்தது. விவரம் கூடினால் கவனம் சிதறும், கற்பனை படுத்துவிடும் என்பார்கள். கருத்தரங்குதோறும் இது சொல்லப்படும். தேநீர் இடைவேளையில் மறுக்கப்படும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் சொல்லப்படும். இச்சொற்பொழிவாளர் தேநீர் இடைவேளைக் கட்சிக்காரர். இன்று ஒலிவாங்கி அவர் கையில் இருக்கிறது.

சாட்சிக்கு வருபவர் இந்தக் கொங்கு மண்ணில் பிறந்தவர். கே.சி. சிவசங்கரன் 1924-இல் தாராபுரம் வட்டாரத்துக் காரத்தொழுவில் பிறந்தார். அன்று அந்தப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. சிறு வயதிலேயே குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. பள்ளி ஓவிய ஆசிரியர் பையனின் கையைக் கண்டுகொண்டு எழும்பூருக்கு வழி காட்டினார். 1941-இல் அங்குள்ள ஓவியப் பள்ளியில் சேர்ந்தபோது முதல்வர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. 1946-இல் ‘கலைமகள்’ இதழ், 1952-இல் ‘அம்புலிமாமா’. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய சிறுவர் இதழ் அது. ‘சித்ரா’ என்ற பெயரில் ஒருவர் ஏற்கெனவே அங்கே வரைந்துகொண்டிருந்தார். புதிதாக வந்தவர் ‘சங்கர்’ ஆனார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த இதழோடு இருந்து, 2020 செப்டம்பரில் 96 வயதில் மறைந்தார். பத்மஸ்ரீ 2021-இல் வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் வரைந்தவை ஆயிரக்கணக்கில் இருக்க, இங்கே எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. எல்லோருக்கும் தெரிந்தது. இருட்டு. சுடுகாடு. கையில் உருவிய வாளோடு விக்கிரமாதித்தன் நடக்கிறான். தோளில் பிணம், அதற்குள் வேதாளம்.

கதையின் சட்டம் இதுதான்: அரசன் வாய் திறக்கக் கூடாது. வேதாளம் கதை சொல்லிக் கடைசியில் புதிர் போடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொல்லிவிட்டால் மௌனம் கலையும், வேதாளம் பழையபடி மரம் ஏறிவிடும். பழைய வடமொழி நூலில் இப்படி 25 கதைகள். மாத இதழுக்கு 25 எந்த மூலைக்கு? அம்புலிமாமா வேறு கதைகளையும் அதே தோளில் ஏற்றிப் பல ஆண்டுகள் நடத்தியது. மாதாமாதம் கதை மாறும். தலைப்புப் படத்தில் அரசன் மட்டும் அதே காலை அதே இடத்தில் ஊன்றி நடப்பான். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட அந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிடும். இனி என்ன நடக்கும், எது நடக்காது என்பது அதற்குத் தெரியும். கதையின் இலக்கணத்தை ஒரு பிள்ளை படத்திலிருந்து கற்றுக்கொண்டது என்றால், ஊறுகாய்க் கட்சியார் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பொள்ளாச்சிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், இந்தப் படம் ஒருநாள் சுற்றுக்கு விடப்பட்டது. கதை சொல்லவில்லை, படம் மட்டும். முதல் ஐந்து நிமிடம் பேய்க் கதைகள். பிறகு ஒரு சிறுமி கேட்டாள்: “செத்தவனத்தான தூக்கீட்டுப் போறாரு, அப்பறம் வாள் எதுக்குங்க சார்?” எதிரே பகைவன் இல்லை. தோளில் இருப்பதை வெட்டிப் பயனும் இல்லை. அரைமணி நேரம் வகுப்பு அந்த வாளிலேயே நின்றது. பயத்துக்கு என்றான் ஒருவன். பயமில்லை என்று காட்ட என்றான் இன்னொருவன். நரி வரும் என்றது பின்வரிசை.

அடுத்து மரம். வேதாளம் ஏறியது எந்த மரம் என்றதும் வகுப்பே கூவியது: முருங்கை. வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிட்டது என்று வீட்டில் திட்டு வாங்காத பிள்ளை உண்டா? ஆனால் இவர்கள் கொல்லையில் முருங்கை உள்ளவர்கள். மூலனூர் முருங்கைக்காய் சந்தைக்கு வரும் நாடு இது. “முருங்க தாங்காதுங்க சார், கால வெச்சாவே முறிஞ்சு போயிருமுங்க,” என்றான் ஒரு பையன். ஒரு முழுப் பிணம் எப்படித் தொங்கும்? படத்தைப் பார்க்கச் சொன்னதும் மரத்தைத் தேடினார்கள். சங்கர் வரைந்தது முறுக்கேறிய சுடுகாட்டு மரம்; முருங்கையின் சாயலே இல்லை.

தவறு யாருடையது? யாருடையதும் அல்ல. வடமொழிக் கதையில் அது சிம்சபா மரம். தமிழுக்கு வரும் வழியில் எங்கோ முருங்கையாகிப் பழமொழியிலும் ஏறிக்கொண்டது. அம்புலிமாமாவோ பல மொழிகளில் வந்த இதழ். எழுத்தை மொழிக்கு மொழி மாற்றலாம்; படம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். முருங்கை என்று தமிழ்ப் பிள்ளை படிக்கும் நேரத்தில் வேறொரு பிள்ளை வேறு பெயரைப் படித்துக்கொண்டிருக்கும். ஆகவே எந்த ஊருக்கும் முழுதாகச் சொந்தமாகாத, எந்த ஊரிலும் பயமுறுத்தும் மரம் தேவைப்பட்டது. எழுத்து ஒன்று சொல்ல, படம் வேறொன்று சொல்ல, இரண்டுக்கும் நடுவே கொல்லையில் முருங்கை உள்ள வீட்டுப் பையனின் அறிவு புகுந்து நியாயம் கேட்க, மொழிபெயர்ப்பு என்றால் என்ன என்ற பாடம் பத்து வயதில் நடந்து முடிந்தது. விவரம் குறைந்த படம் இருந்திருந்தால் இது நடந்திராது. கோடு குறையட்டும் என்ற நண்பர்கள் இந்த இடத்துக்கு விடை சொல்ல வேண்டும்.

கற்பனை படுத்துவிடும் என்ற வாதத்துக்கு நீண்ட மறுப்பு எழுதி வைத்திருந்தும் நேரம் இல்லை. கல்வியாளர் கொமீனியஸ் 1658-இலேயே படமும் சொல்லும் எதிரெதிரே நிற்கும் பாடநூலை அச்சிட்டுவிட்டார் என்பதோடு விடலாம்.

வகுப்பறைக்குச் சில குறிப்புகள், அவசரமாக. படத்தை முதலில் கொடுத்துக் கதையைப் பிறகு கொடுக்கலாம். எழுத்தில் உள்ளது, படத்தில் இல்லாதது எது, மறுதலையாக எது என்று இரண்டு பத்தி போடச் சொல்லலாம். 2022-இல் வந்த தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் படங்களை இப்படிச் சோதிப்பது ஒரு முதுகலை மாணவருக்கு ஏற்ற வேலை. சித்ராவின் கோடுகளையும் சங்கரின் கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்புலிமாமாவுக்கு வட்டாதி பாப்பய்யா வரைந்த அட்டைப் படங்கள் தனி ஆய்வு. 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகத்தின் புத்தகங்களோடு ஒப்பிட்டால் கோடு எப்படி இளைத்தது என்பது தெரியும்.

கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் அம்புலிமாமா கண்ணில் பட்டால் மாணவர்கள் அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கிவிட வேண்டும். முதலில் விக்கிரமாதித்தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும். பிள்ளைகள் பெரும்பாலும் அதைத்தான் கிழித்திருப்பார்கள்.