மூளையும் பயிற்சியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு மூளையைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் முறையே. யான் மருத்துவன் அல்லேன். உடற்கூற்று நூலைத் துறைபோகக் கற்றவனும் அல்லேன். ஆயினும், நாள்தோறும் நாற்பது ஐம்பது சிறார்களின் மூளையோடு பழகுவதே ஆசிரியர் தொழில். உழவன் தன் நிலத்தின் இயல்பை அறிய விரும்புதல் போல, யானும் என் தொழிற்கு நிலமாகிய மூளையின் இயல்பை அறிஞர் நூல்களின் வாயிலாக அறிய முயன்றேன். அவற்றுள் நம் குடும்பங்கட்குப் பயன்படுவன சிலவற்றையே இன்று எடுத்துரைக்க விழைகின்றேன்.

நம் இல்லங்களில் இரண்டு சொற்களை அடிக்கடி கேட்கின்றோம். "கணக்கு நம்மவர் இரத்தத்திலேயே ஊறியது" என்பது ஒன்று. "இவன் மண்டையில் படிப்பு ஏறாது, கடையில் உட்கார வைத்துவிடலாம்" என்பது மற்றொன்று. பெண் பிள்ளையாயின், "இவளுக்குப் பத்தாவது போதும்" என்று இன்னும் விரைவில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். முதற்சொல் பெருமையாற் பிறப்பது. மற்றது சோர்வாற் பிறப்பது. ஆயினும் இரண்டும் ஒரு தாய் மக்களே. மூளை பிறக்கும்போதே முடிந்த முடிபாக அமைந்துவிட்டது என்னும் எண்ணமே அத்தாய். அவ்வெண்ணம் எத்துணை உண்மை என்பதே நாம் ஆராய வேண்டுவது.

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மெல்லிய உறுப்பு. உடலின் எடையில் இஃது ஐம்பதில் ஒரு பங்கே ஆயினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தானே உண்கின்றது. இதனுள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009-ஆம் ஆண்டில் கணித்துரைத்தனர். ஒவ்வோர் அணுவும் பல்லாயிரம் அணுக்களோடு தொடர்பு கொள்ளவல்லது. நம் அறிவும் நினைவும் பழக்கமும் குணமும் இத்தொடர்புகளிலேயே தங்கியுள்ளன.

குணமும் மூளையிற் பொருந்தியது என்பதை உலகம் அறியச் செய்தது ஒரு விபத்து. அமெரிக்க நாட்டு வெர்மான்ட் மாகாணத்தில், 1848-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், இருப்புப்பாதைக்காகப் பாறை உடைக்கும் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்தார் ஃபினியஸ் கேஜ் என்பவர். வெடிமருந்து எதிர்பாராமல் வெடிக்க, மூன்றரை அடிக்கு மேல் நீளமுள்ள இருப்புக்கோல் ஒன்று அவர் இடக்கன்னத்தின் வழியே புகுந்து உச்சியைத் துளைத்து வெளிப்பட்டது. அவர் இறந்திலர். நடந்தார், பேசினார், சில திங்களில் உடல் தேறினார். ஆனால் பொறுமையும் ஒழுங்கும் உடையவராக இருந்தவர், சினமும் நிலையின்மையும் உடையவராக மாறினார் என்று அவரைக் காத்த மருத்துவர் ஹார்லோ எழுதிவைத்தார். நெற்றிப்புற மூளை பழுதுற்றதே இதற்குக் காரணம் என்பர். இக்கதையைக் கூறுவோர் பலர் இத்துடன் நிறுத்திவிடுவர். அதற்குப் பின்னர் அவர் சிலி நாட்டிற் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதும் உண்மையே. நாள்தோறும் ஒரே ஒழுங்கில் நடைபெற்ற அத்தொழில், அவர் இழந்த ஒழுங்கிற் சிறிது மீளத் துணைசெய்திருக்கலாம் என்று பிற்கால அறிஞர் சிலர் கருதுகின்றனர்.

நிற்க. நினைவைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி மற்றொரு மனிதரின் துன்பத்தால் விளைந்தது. அவர் ஹென்றி மொலைசன். அவர் உயிரோடிருந்தவரை எச். எம். என்னும் முதலெழுத்துகளாலேயே உலகம் அவரை அறிந்திருந்தது. கொடிய வலிப்பு நோயினின்று அவரை விடுவிக்கும் பொருட்டு, 1953-ஆம் ஆண்டில், அவரது 27-ஆம் வயதில், ஸ்கோவில் என்னும் மருத்துவர் மூளையின் இருபுறத்தும் ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் அகற்றினார். கடற்குதிரையைப் போன்ற வடிவுடையதாதலின் அவ்வுறுப்பு அப்பெயர் பெற்றது. வலிப்புத் தணிந்தது, ஆனால் அன்று முதல் புதிய செய்தி எதுவும் அவர் உள்ளத்தில் தங்கவில்லை. சற்றுமுன் உரையாடியவர் அறையை விட்டுச் சென்று மீண்டும் வந்தால், அவரைப் புதியவராகவே கருதி வரவேற்பார். இளமைக் கால நினைவுகளோ பெரும்பாலும் அழியாதிருந்தன; பொது அறிவும் குன்றவில்லை.

பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவர்க்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் வரைந்த விண்மீன் வடிவத்தைக் கண்ணாடியில் மட்டுமே நோக்கி, இரு கோடுகளுக்கு இடையே பென்சிலால் வரைதல் வேண்டும். யாவர்க்கும் தொடக்கத்திற் கை தடுமாறும் வேலை அது. மொலைசன் மூன்று நாள் பயின்றார். நாளுக்கு நாள் பிழை குறைந்தது. ஆயினும் அவ்வேலையை முன்னர்ச் செய்ததாக அவர்க்குச் சிறிதும் நினைவில்லை! உள்ளம் மறந்ததைக் கை மறக்கவில்லை. இதனால் நினைவு என்பது ஒரே களஞ்சியம் அன்று, பலவகைப்பட்டது என்பது விளங்கிற்று. ஆதலின் செய்யுளை ஒப்பிக்க இயலாத சிறுவனை நோக்கி, "உனக்கு மூளையே இல்லை" என்று மொழிதல் அறியாமை. ஒரு வாயில் அடைபட்டிருந்தால் வீட்டிற்கு வேறு வாயில்களும் உண்டு. மொலைசன் 2008-ஆம் ஆண்டில், 82-ஆம் வயதிற் காலமானார். அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சிக்குத் தம்மை ஒப்புவித்த அப்பெருமகனார்க்கு ஆசிரியருலகம் கடமைப்பட்டுள்ளது.

இனி, பயிற்சியால் மூளை மாறுமோ என்னும் வினாவிற்கு வருவோம். லண்டன் மாநகரில் டாக்ஸி ஓட்ட உரிமம் பெறுதல் எளிதன்று. நகரின் நடுவாகிய சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவிற்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும் மனத்தில் இருத்தித் தேர்வில் வெல்லுதல் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் இதற்குச் செல்லும். எலினார் மக்குவயர் என்னும் அம்மையார் 2000-ஆம் ஆண்டில் இவ்வோட்டுநர் பதினாறு பேரின் மூளையை எம். ஆர். ஐ. படக்கருவியால் ஆராய்ந்தார். ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்கட்குப் பிறரினும் பெரிதாயிருந்தது.

இங்கே அறிவுடையோர் ஒரு தடை எழுப்புவர். பயிற்சியால் அப்பகுதி வளர்ந்ததா? அன்றி, அப்பகுதி இயல்பாகவே பெரிதாக உள்ளவர்தாம் அத்தொழிற்கு வந்தனரா? தக்க வினாவே. இதனைத் தீர்க்கும்பொருட்டு, பயிற்சி தொடங்குவோர் 79 பேரைத் தேர்ந்து, பயிற்சிக்கு முன்னும் சில ஆண்டுகட்குப் பின்னும் படமெடுத்தனர். முடிவு 2011-இல் வெளிவந்தது. அவர்களுள் 39 பேர் தேர்வில் வென்றனர். தொடக்கத்தில், பின்னர் வென்றவர்க்கும் தோற்றவர்க்கும் அவ்வுறுப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இறுதியில் வென்றவர்க்கு மட்டும் அப்பகுதி வளர்ந்திருந்தது. வென்றவர் வாரந்தோறும் பயிற்சியிற் செலவிட்ட நேரம் தோற்றவர் செலவிட்டதைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்பதும் கருதத்தக்கது.

மிகைப்படக் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. பிறவியில் வரும் வேறுபாடு அறவே இல்லை என்று அவ்வறிஞர் கூறினாரில்லை. முயன்றோர் அனைவரும் வெல்லவுமில்லை. வென்றவர்களும் வேறு வகையான உருவ நினைவுத் தேர்வொன்றில் மற்றவர்க்குச் சற்றுப் பின்தங்கினர். எதனைப் பயில்கின்றோமோ அதற்கேற்பவே மூளை மாறும் என்பதே நாம் கொள்ளத்தக்க முடிபு. நம் பிள்ளைகள் கணக்கிற் கெட்டிக்காரர் ஆவது இரத்தத்தாலன்று. பால்மணம் மாறாப் பருவத்திலேயே கல்லாப்பெட்டியின் அருகில் அமர்ந்து, நாள்தோறும் வரவு செலவு கேட்டு வளர்வதால். அந்த வாய்ப்பை எக்குடியிற் பிறந்த குழந்தைக்கு அளித்தாலும் அக்குழந்தையும் கணக்கிற் சிறக்கக்கூடும். அங்ஙனமே, நூல் இல்லாத வீட்டில் வளர்ந்த நம் பிள்ளை படிப்பில் தடுமாறினால், அது குலத்தின் குறையுமன்று. மூளையின் குறை என்று துணியவும் இடமில்லை.

இளமையில் தவறவிட்டதைப் பின்னர்ப் பெற இயலுமோ என்று தாய்மார்கள் கேட்கலாம். லக்னோ நகரை அடுத்த சிற்றூர்களில் எழுத்தறியாத, முப்பது வயதை ஒட்டிய சிலர்க்கு ஆறு திங்கள் இந்தி எழுத்துக் கற்பித்து, அவர்கள் மூளையை ஆராய்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் படிக்கக் கற்றனர். கற்றதன் விளைவாக மூளையின் அடித்தண்டும் நடுப்பகுதியும் பார்வைப் பகுதியும் தம்முள் முன்னினும் இசைந்து இயங்கின என்று 2017-இல் வெளியிட்டனர். முப்பது வயதிலும் மூளை புதிய எழுத்துக்கு இடங்கொடுக்கின்றது. நாம்தாம் இடங்கொடுப்பதில்லை.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் சுருங்கக் கூறுவேன். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் மாணவர்க்கு ஒரு பாடத்தைக் கொடுத்து, ஒரு சாரார் அதனை மறுமுறையும் படிக்கவும், மற்றொரு சாரார் நூலை மூடி நினைவிலிருந்து எழுதவும் செய்தனர். இது 2006-இல் வெளியாயிற்று. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்ந்தபோது மறுமுறை படித்தவர் நூற்றுக்கு 81 பங்கும், நினைந்தெழுதியவர் 75 பங்கும் கூறினர். ஒரு வாரம் கழிந்தபின் நிலை தலைகீழாயிற்று. படித்தவர் 42 பங்கே கூற, நினைந்தெழுதியவர் 56 பங்கு கூறினர். படிக்கும்போது எளிதாகத் தோன்றுவது விரைவில் நழுவுகின்றது. முயன்று நினைவுகூர்ந்தது நிலைக்கின்றது. பவணந்தி முனிவர் நன்னூலிற் கற்கும் முறை கூறுமிடத்து, கேட்டதைத் தானே சிந்தித்தலையும், பிறரோடு வினாவி விடையிறுத்தலையும் சேர்த்துரைத்துள்ளார். அவர் மூளை நூல் கற்றிலர், மாணவரைக் கற்றிருந்தார்.

உறக்கமும் கல்வியின் ஒரு பகுதியே. 1924-ஆம் ஆண்டிலேயே, படித்தபின் உறங்கியவர் விழித்திருந்தவரினும் மிகுதியாக நினைவுகூர்ந்தனர் என்று கண்டனர். பகலிற் சுற்றித்திரிந்த எலியின் ஹிப்போகாம்பஸில் எவ்வணுக்கள் கூடி இயங்கினவோ, அவை உறக்கத்திலும் மீண்டும் கூடி இயங்குகின்றன என்று 1994-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. உறங்கும் மாணவனின் மூளை சோம்பியிருக்கவில்லை. பகற்பாடத்தைத் தானே திருப்பிப் பார்க்கின்றது என்று கருத இது இடந்தருகின்றது.

பெரியோர்களே! கேட்டதோடு கலைந்து செல்லுதல் நம் கூட்டங்களின் வழக்கம். அவ்வழக்கத்தை இன்று சற்று மாற்றுவோம். சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். நம் மாணவர் விடுதியில், தேர்வுக் காலத்தில் நள்ளிரவு வரை விழிக்கச்செய்து விடியற்காலை மூன்று மணிக்கே எழுப்பும் முறையை நிறுத்தி, இரவு பத்து மணிக்கு விளக்கணைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும், இஃது ஒன்று. நம் கல்வி உதவித்தொகையை முதன் மதிப்பெண் பெற்றவர்க்கே வழங்காது, அதில் ஒரு பங்கினைச் சென்ற ஆண்டினும் இவ்வாண்டு முன்னேறிய பிள்ளைகட்கு ஒதுக்குதல் வேண்டும், இஃது இரண்டு. எழுத்தறியாத நம் தாய்மார்கட்கு மாலை வகுப்பொன்று தொடங்குதல் வேண்டும், இஃது மூன்று. அவ்வகுப்பில் ஊதியமின்றிக் கற்பிக்க யான் ஒருப்படுகின்றேன். அங்கே நம்மவர் என்றும் பிறர் என்றும் பாராமல், வந்தார் அனைவரையும் அமர்த்துதல் நன்று. படக்கருவி எந்த மூளையிலும் குலத்தைக் கண்டதில்லை.

இல்லத்திற்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால், "உனக்கு வராது" என்னாமல், "இன்னும் வரவில்லை" என்று கூறிப்பாருங்கள். முன்னது கதவைச் சாத்தும் சொல். பின்னது திறந்துவைக்கும் சொல். எந்தக் குழந்தையின் மூளையும் முற்றுப்பெற்ற நூலன்று, எழுதப்பெற்றுக்கொண்டிருக்கும் ஏடு. அதன் எழுத்தாணியில் ஒரு கை நம்முடையது என்பதை மறவாதிருப்போமாக.