மருந்தென்று சொல்லும் விஷம்

(செய்யூரில் விவசாயத் தொழிலாளர்களிடையே பேசியதன் சுருக்கம்)

பயிருக்கு நாம் தெளிப்பது விஷம். ஆனால் "மருந்து அடிக்கிறோம்" என்றே சொல்கிறோம். அந்த விஷம் செடியிலும் மாட்டிலும் மனிதனிலும் சேருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில சேரும், சில சேராது. இந்த வித்தியாசத்தை உழைப்பாளிகள் அறிவது அவசியம்.

இலையில் படும் விஷத்தில் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் அழிகிறது. குருணை மருந்து வேர் வழியே ஏறிச் செடியின் சாற்றில் கலந்து, நாளடைவில் சிதைகிறது. தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் விடவேண்டும் என்பது இதனால்தான்.

டி.டி.டி., பி.எச்.சி. வகை வேறு. இவை நீரில் அநேகமாகக் கரையாதவை, கொழுப்பில் கரைபவை, எளிதில் சிதையாதவை. பி.எச்.சி. படிந்த வைக்கோலை மாடு தின்றால், விஷம் அதன் கொழுப்பில் தங்கிப் பாலில் இறங்கும். அந்தப் பாலைக் குடிக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில், சிறு பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி.க்கு நெருங்கிய உறவான ஒரு விஷத்தைக் கலந்தார்கள். 1954-ல் கலந்தது 5 கோடி பங்கு நீருக்கு ஒரு பங்குதான். ஏரி மீனைத் தின்று மாண்ட முக்குளிப்பான் பறவைகளின் கொழுப்பிலோ, 10 லட்சம் பங்குக்கு 1,600 பங்கு விஷம் இருந்தது. 80,000 மடங்கு! நீரிலிருந்து நுண்ணுயிருக்கு, அதிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து பறவைக்கு. படிக்குப் படி பெருகியது. நமது உப்பங்கழி மீனுக்கும் வேடந்தாங்கல் பறவைக்கும் இதே விதிதான்.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள்மீது 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். கடைசித் தெளிப்புக்கு 10 மாதங்கள் கழித்தும் அங்குள்ள பள்ளிச் சிறுவர்களின் ரத்தத்தில் அந்த விஷத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள். மக்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. தடை தானாக வந்துவிடவில்லை, தோழர்களே! பி.எச்.சி.க்கு 1997-லேயே தடை வந்தது.

சேராத விஷம் சாதுவானது என்று எண்ணிவிடாதீர்கள். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்குத் தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேர் வரை மாண்டார்கள். டப்பாவிலுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. ஆனால் அந்த நிறம் உடனே கொல்லும் வேகத்தைத்தான் காட்டும். உடலில் மெல்லச் சேருவதை அது காட்டாது.

ஆகவே கேட்போம்: தெளிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் நிலச் சொந்தக்காரர் தரவேண்டும். எது சேரும் விஷம் என்று டப்பாவிலேயே தமிழில் அச்சிட வேண்டும். பாலையும் மீனையும் சர்க்கார் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் எல்லோரும் காண ஒட்ட வேண்டும். கூலிக்குத் தெளிக்கிறவனும் அவன் பிள்ளையும்தான் இந்த விஷத்தை முதலில் சுமக்கிறார்கள். முதற்குரல் நம்முடையதாக இருக்கட்டும்!