பாட்டுக்குக் கதை



மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா என்று நம் சினிமாக்காரர்கள் எத்தனையோ காலமாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் கதை என்று ஒன்று முன்கூட்டியே இருக்கும். இயக்குநர் சிச்சுவேஷன் சொன்ன பிறகுதான் ஆர்மோனியப் பெட்டி திறக்கும். இதைத் தலைகீழாகச் செய்கிற ஒரு வகை உண்டு. பாட்டெல்லாம் இருபது முப்பது வருஷத்துக்கு முன்பே வந்து, ஊரே பாடித் தீர்த்திருக்கும். அவற்றைக் கோப்பதற்காக ஒரு கதையைப் பிறகு தேடுவார்கள். மேல்நாட்டில் இதற்கு ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் என்று பெயர். காசு போட்டால் கேட்ட இசைத்தட்டைச் சுழலவிடும் பெட்டிதான் ஜூக்பாக்ஸ். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால், யூடியூபில் ஒரு படத்தின் எல்லாப் பாட்டும் வரிசையாக வருவதுதான் ஜூக்பாக்ஸ் என்பார்கள். அதுவும் தப்பில்லை.

இந்த வகையில் உலகமெல்லாம் ஓடியது 'மம்மா மியா'. ஸ்வீடன் நாட்டு 'ஆபா' குழுவின் பாட்டுகள் அதற்கு முதல். 1974 ஏப்ரல் 6 அன்று, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்த நால்வர் அவர்கள். சரியாக 25 வருஷம் கழித்து, 1999 ஏப்ரல் 6 அன்று, லண்டனில் 'மம்மா மியா' மேடை ஏறியது. கதை எழுதியவர் கேத்தரின் ஜான்சன். 2008-ல் படமாகி 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2018-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதன் வசூல் ஏறத்தாழ 40 கோடி.

அந்த இரண்டாம் பாகத்தை எங்கள் பழைய கல்லூரித் தோழி வீட்டில் மூன்று பேராகப் பார்த்தோம். படம் இரண்டு மணி நேரம் ஓடவில்லை. சண்டை அதைவிட நீளமாக ஓடியது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தில் டோனா என்கிற பெண் கிரேக்கத் தீவில் தனியாக விடுதி நடத்துகிறாள். மகள் சோஃபிக்குக் கல்யாணம். அப்பா யார் என்று மகளுக்குத் தெரியாது. அம்மாவின் பழைய டைரியைப் புரட்டினால் மூன்று பேர் வருகிறார்கள். மூன்று பேருக்கும் அம்மாவுக்குத் தெரியாமல் பத்திரிகை அனுப்பிவிடுகிறாள். டோனாவாக நடித்தவர் மெரில் ஸ்ட்ரீப். இரண்டாம் படம் தொடங்கும்போது டோனா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மகள் விடுதியைப் புதுப்பித்துத் திறக்கப்போகிறாள். அதோடு பின்னிக்கொண்டு 1979-ஆம் வருஷத்துக் கதையும் வருகிறது. அதில் இளம் டோனா லில்லி ஜேம்ஸ்.

எங்கள் மூவரில் ஒருத்தி தணிக்கைத் துறையில் முப்பது வருஷம் இருந்தவள். பேரேட்டில் பத்துப் பைசா இடித்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. படம் பாதியிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏண்டி, பாட்டியா வர்ற ஷேர் 1946-ல பொறந்தவங்க. அவங்க பொண்ணா நடிச்ச மெரில் ஸ்ட்ரீப் 1949. மூணு வயசுல புள்ள பெத்தாங்களா?"

அதோடு விட்டாளா? முதல் படத்தில் டோனா, தனக்கு வருகிற சோதனையெல்லாம் மேலே இருக்கிற தன் அம்மாவின் வேலைதான் என்கிற மாதிரிப் பேசுவாள். கேட்பவருக்கு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதான் படும். இரண்டாம் படத்தில் அந்த அம்மா ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறாள். முதல் படத்து டைரியில் சாம் முதல் ஆள், ஹாரி கடைசி ஆள். இரண்டாம் படத்திலோ ஹாரியை டோனா பாரிஸிலேயே சந்தித்துவிடுகிறாள். அங்கே ஓர் உணவகத்தில் நெப்போலியன் காலத்து வேடமெல்லாம் போட்டு 'வாட்டர்லூ' பாடுகிறார்கள். அவள் எடுத்த ஆட்சேபணைகள் அத்தனையும் சரி. ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை.

அவளுடைய பெரிய குற்றச்சாட்டு வேறு. "நல்ல பாட்டையெல்லாம் முதல் பந்தியிலேயே பரிமாறிட்டாங்க. இது மிச்சம்."

வீட்டுக்காரத் தோழி அமைதியாகச் சொன்னாள்: "மீன்குழம்பு மறுநாள்தாண்டி ருசி."

நான் குழம்பின் பக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

மிகப் பிரபலமான பாட்டு கதைக்கு அடங்காது. 'டான்சிங் குயின்' முதல் சுரம் காதில் விழுந்ததுமே நாம் தீவையும் டோனாவையும் மறந்து, அதை முதலில் கேட்ட நாளுக்குப் போய்விடுகிறோம். முதல் படம் முழுக்க இதுதான் நடக்கிறது. கதை ஓர் ஓரமாக நின்று, பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டாம் பாகத்திலும் பெரிய பாட்டு வரும் இடங்களில் அதே கூத்துதான். 'ஃபெர்னாண்டோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபாவின் பாட்டில் அது போர்க்களத்தில் நின்ற இரண்டு பழைய தோழர்களின் நினைவு. ஷேர் அதைப் பாடியாக வேண்டும். என்ன செய்வது? விடுதி மேலாளராக ஆண்டி கார்சியாவைப் போட்டு, படம் முழுக்க அவருடைய குடும்பப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, கடைசியில் அவர் பெயர் ஃபெர்னாண்டோ என்று அவிழ்க்கிறார்கள். 1959-ல் மெக்சிகோவில் இருவருக்கும் பழக்கமாம்! பாட்டுக்காக ஒரு மனிதனுக்கு நாமகரணம். நாங்கள் மூவருமே சிரித்தோம்; தணிக்கைக்காரிதான் அதிகம் சிரித்தாள்.

அதிகம் கேட்டிராத பாட்டு அப்படி முரண்டு பிடிக்காது. வளைந்து கொடுக்கும். 'மை லவ் மை லைஃப்' என்று ஒரு பாட்டு. 1976-ல் 'அரைவல்' இசைத்தட்டில் வந்தது. ஆபாவின் பெரிய வெற்றிகளின் பட்டியலில் அது முன்வரிசையில் இல்லை. விட்டுப் போகிற காதலனை நினைத்து ஒரு பெண் பாடுவது. இயக்குநர் ஓல் பார்க்கர் அதைப் படத்தின் கடைசிக்கு வைத்துக்கொண்டார். வரிகளைச் சற்று மாற்றி, காதலனுக்குப் பாடியதைத் தாய் பிள்ளைக்குப் பாடுவதாக ஆக்கிவிட்டார்கள்.

இடம் ஒரு சின்ன தேவாலயம். சோஃபி தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க எடுத்து வருகிறாள். அதே இடத்தில் இளம் டோனா தன் கைக்குழந்தையோடு நின்ற நாளும் இடையிடையே வந்து போகிறது. பிறகு மெரில் ஸ்ட்ரீப் வருகிறார். படம் முழுக்க இல்லாதவர். இல்லை என்பதையே கதையாக வைத்திருந்த படம். ஆட்டம் கிடையாது, கும்பல் கிடையாது. தாயும் மகளும் பாடுகிறார்கள். அங்கே நான் பாட்டைப் பாட்டாகக் கேட்கவில்லை. டோனா பேசுவதாகத்தான் கேட்டேன். கூடச் சேர்ந்து பாடவும் தோன்றவில்லை, எனக்கு அந்தப் பாட்டு தெரியாதே!

இன்னொரு சின்ன இடமும் உண்டு. முதல் படத்தில் சாமாக வந்த பியர்ஸ் பிராஸ்னன் 'எஸ்ஓஎஸ்' பாட்டைத் தொண்டை கிழியப் பாடி, உலகத்தின் கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் படத்துக்காக, மோசமான நடிப்புக்குக் கொடுக்கிற ராஸ்ஸி விருதும் அவருக்குக் கிடைத்தது. இரண்டாம் பாகத்தில் அதே பாட்டு, மனைவி டோனாவை இழந்தவராக, ஒரு சில வரிகள் மட்டும். மெல்ல முணுமுணுக்கிறார். குரல் அதே குரல்தான். ஆனால் இந்த முறை அவரைக் கத்தச் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவன் சுருதி பிசகாமல் பாடினால்தான் சந்தேகம் வரும்.

குறையே இல்லை என்று சொல்லவரவில்லை. 1979-ஆம் வருஷத்துக் கதை என்ன ஆகும் என்பது முதல் படம் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று இளைஞர்களில் யாரும் மனத்தில் நிற்கவில்லை. கிரேக்கத் தீவு என்று காட்டுவது குரோவேஷியாவின் விஸ் தீவு. அது என்னை உறுத்தவில்லை, தணிக்கைக்காரியை உறுத்தியது.

அந்தத் தேவாலயக் காட்சி முடிந்ததும் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். "கணக்கு தப்புதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடைசிப் பாட்டு பேரு என்ன?" என்று கேட்டாள்.

பாட்டுக் கச்சேரி வேண்டுமென்றால் முதல் பாகம், படம் வேண்டுமென்றால் இரண்டாம் பாகம். இது என் தீர்ப்பு. இன்னும் பார்க்காதவர்கள் வரிசை மாற்றாமல் முதலிலிருந்தே பாருங்கள். இரண்டாம் பாகத்தில் பெயர்ப் பட்டியல் ஓட ஆரம்பித்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள்; அது முடிந்த பிறகும் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது.