வெட்கப்பட்டு மறைக்கும் அரிப்பு

(நமது அறக்கட்டளையின் பெண்கள் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சர்க்கரை, பிரஷர் என்றால் பக்கத்து வீட்டிலும் சொல்லிவிடுகிறோம். மறைவிடத்தில் அரிப்பு என்றால் உடன்பிறந்த சகோதரியிடம்கூடச் சொல்வதில்லை. மருந்துக்கடையில் ஏதோ ஒரு களிம்பை வாங்கிப் பூசி ஆண்டுகளைக் கடத்துகிறோம். இப்படி மறைப்பதாலேயே முற்றிப்போகும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுவோம். அதன் பெயர் லைக்கன் ஸ்கிளிரோசஸ். எல்லோருக்கும் வருவதல்ல. ஆனால் வந்தவர்கள் பலர் அதன் பெயரே தெரியாமல் துன்பப்படுகிறார்கள்.

இது பெண்ணுறுப்பின் வெளிப்புறத் தோலில் ஏற்படும் நாள்பட்ட அழற்சி. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருகிறது என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். தைராய்டு கோளாறு உள்ளவர்களிடம் சற்று அதிகம் காணப்படுகிறது. இது தொற்றுநோய் அல்ல. சுத்தக் குறைவாலோ தாம்பத்திய உறவாலோ வருவதும் அல்ல. ஆகவே கணவன் மனைவியையோ, மனைவி கணவனையோ சந்தேகிக்க இதில் இடமே இல்லை.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், பருவமடையாத சிறுமிகளுக்கும் இது அதிகம் வரும். இரவில் தூங்கவிடாத அரிப்பு முதல் அறிகுறி. தோல் வெளுத்து, மெலிந்து, கசங்கிய காகிதம்போல் சுருங்கும். எளிதில் வெடிக்கும். சிறுநீர் பட்டால் எரியும். உறவின்போது வலிக்கும். கவனிக்காமல் விட்டால் தழும்பு விழுந்து உறுப்பின் வடிவமே மாறிவிடும்.

சிறுமிகள் மலம் கழிக்கப் பயந்து அடக்குவார்கள். அதனால் மலச்சிக்கல் வரும். சில குழந்தைகளுக்குத் தோலில் ரத்தம் கட்டியிருக்கும். யாரோ தவறாக நடந்துகொண்டார்களோ என்று தாய் பதறிப்போவாள். அந்தப் பயத்தையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். எது காரணம் என்று பார்த்துச் சொல்ல அவரால் முடியும். நாமாக ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

இந்த நோயைப் பூஞ்சைத் தொற்று என்றும் வெண்படை என்றும் தவறாக எண்ணிவிடுவதுண்டு. பூஞ்சைத் தொற்றில் பெரும்பாலும் தயிர்போன்ற வெள்ளைப்படுதல் இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அது அடிக்கடி வரும். வெண்படையில் நிறம் மட்டுமே மாறும், தோல் மெலியாது. பழகிய தோல் மருத்துவரோ மகளிர் மருத்துவரோ நேரில் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார். சந்தேகம் இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, சிறு துளி தோலை எடுத்துப் பயாப்ஸி பரிசோதனை செய்வார்கள். சிறுமிகளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

இதற்கு முதன்மையான மருந்து குளோபெட்டசால் 0.05% களிம்பு. வழக்கமாக முதல் மாதம் தினமும் இரவில் ஒருமுறை, இரண்டாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இருமுறை பூசச் சொல்வார்கள். 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதத்துக்குப் போதும். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டதும் பயந்து பாதியில் நிறுத்துவோர் பலர். மருத்துவர் சொன்ன அளவில் பூசினால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நாமாகக் கடையில் வாங்கிப் பூசக் கூடாது. பல மருந்து கலந்த களிம்புகள் அரிப்பைக் கொஞ்ச நாள் அடக்கி, நோயை மறைத்துவிடும்.

இது அடியோடு தீரும் நோயல்ல, கட்டுக்குள் வைக்கும் நோய். அரிப்பு நின்ற பிறகும் மருத்துவரைப் பார்த்துவர வேண்டும். ஏனென்றால் இந்த நோய் உள்ள பெண்களில் 100-க்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கு அந்த இடத்தில் புற்றுநோய் வரலாம். ஆஸ்திரேலியாவில் 507 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருந்தை ஒழுங்காகப் பூசியவர்களில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. ஒழுங்காகப் பூசாத 150 பேரில் ஏழு பேருக்குப் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வந்தது. ஆறாத புண், கட்டி, தடிப்பு தெரிந்தால் உடனே காட்டுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. சுத்தம் செய்யத் தண்ணீர் போதும். வாசனை சோப்பும் கிருமிநாசினியும் அந்த இடத்துக்கு வேண்டாம். பருத்தி உள்ளாடை அணியுங்கள். வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் எரிச்சல் குறையும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. பல இடங்களில் பால்வினை நோய்ப் பிரிவும் அதனுடனேயே இருக்கும். பெயர்ப் பலகையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மாதவிடாய்க் குளிப்பின் சட்டத்தை நபி (ஸல்) அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள் அன்சாரிப் பெண்கள். நாணம் அவர்களைத் தடுக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். நோயைச் சொல்வதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் உம்மாவிடமும், மாமியிடமும், பெண்பிள்ளைகளிடமும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.